எரிவது எங்கே? இருமுவது யார்?



சுவரிலே ஒரு சுவிட்ச் இருக்கிறது. விரல் பட்டால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. புகை இல்லை, கரி இல்லை, சாம்பல் இல்லை. "அடடா, மின்சாரம் எவ்வளவு சுத்தம்!" என்று வியக்கிறோம்.

அந்த நாளிலே பாட்டி மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினாள். கண்ணாடிச் சிம்னியிலே கரி படிந்தது. மறுநாள் காலையில் சாம்பலைத் தொட்டு, பழைய துணியால் அதைத் துடைத்து வைத்தாள். தன் வெளிச்சத்துக்கான கரியைத் தன் கையாலேயே துடைத்தாள். இன்று நம் வெளிச்சத்துக்கான கரி நம் வீட்டில் படிவதில்லை. படிவதில்லை என்பதாலே அது இல்லை என்று ஆகிவிடுமா? எங்கோ எரிகிறது, எங்கோ படிகிறது, எவனோ துடைக்கிறான், எவளோ இருமுகிறாள்.

சென்ற கோடையில் வடசென்னையில் ஒரு கூட்டத்திற்குச் சென்றேன். கூட்டம் முடிந்து இரவு தோழர் ஒருவர் வீட்டில் தங்கினேன். காலையில் அவருடைய துணைவியார் மாடியிலே உலர்த்திய வேட்டியை எடுத்து வந்தார், உதறினார், உதறிய பிறகே மடித்தார். "ஏனம்மா உதறுகிறீர்கள்?" என்றேன். "உதறாமல் மடித்தால் பெட்டிக்குள்ளும் தூசி போகுமே, அண்ணே" என்றார். அந்த அம்மையார் குறையாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லவில்லை. சோறு வடிப்பது போல, தண்ணீர் பிடிப்பது போல, தூசி உதறுவதும் அன்றாட வேலை என்பது போலச் சொன்னார். அதுதான் என் நெஞ்சைத் தைத்தது. கொடுமை பழக்கமாகிவிட்டால், அதன் பெயர் கொடுமை என்பதே மறந்துவிடுகிறது!

அந்தத் தூசி எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. லாரிப் புகையும் அதில் உண்டு, ஆலைப் புகையும் உண்டு, குப்பை எரித்த புகையும் உண்டு, கட்டடத் தூசியும் உண்டு. ஆனால், அதிலே ஒரு பங்கு உங்கள் வீட்டுச் சுவிட்சிலும் என் வீட்டுச் சுவிட்சிலும் தொடங்குகிறது. அந்தப் பங்கைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

கணக்கு பார்ப்போம், தோழர்களே. இந்நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பங்கு நிலக்கரியை எரித்து வருவது. நம் நாட்டு நிலக்கரியோ சாம்பல் மிகுந்தது. மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேலே, எரியாமல் சாம்பலாக நிற்கும். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 650 முதல் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். எரிந்தபின் 200 கிராமுக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். கரியமில வாயு ஒரு கிலோவை நெருங்கும். கந்தக வாயு கிளம்பும். இத்தனையும் எரித்து எழுப்புகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி இரண்டு பங்கு காற்றிலும் நீரிலும் கலந்து போகிறது. அப்படிப் பிறந்த மின்சாரமும் கம்பி வழியே வரும்போது வழியில் கொஞ்சம் விரயமாகிறது. ஆகவே, வீட்டிலே ஒரு யூனிட் மிச்சமானால் அங்கே ஒரு யூனிட்டுக்கு மேலே மிச்சம்!

ஒடிசா மாநிலத்துச் சுரங்கத்திலே வெட்டுகிறான் ஒரு தொழிலாளி. அது ரயிலேறி, கப்பலேறி, எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கேதான் வடசென்னை அனல் மின்நிலையம். அதை அடுத்து வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம். எண்ணூரில் இருந்த பழைய அனல் நிலையம் 2017ல் மூடப்பட்டது. ஆனால் 2024ல் வடசென்னையின் மூன்றாம் கட்டம், 800 மெகாவாட், திறந்து வைக்கப்பட்டது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் கொசஸ்தலையாறு சாம்பலாகிறது; இறாலும் மீனும் பிடித்துப் பிழைத்த மீனவனின் வலை வெறும் சேற்றோடு வருகிறது. பல ஆண்டுகளாக அந்த மக்கள் முறையிட்டு வருகிறார்கள்; நீதிமன்றப் படிகளும் ஏறியிருக்கிறார்கள்.

மின்சாரம் நகரம் முழுவதற்கும் போகிறது. சாம்பல் மட்டும் அங்கேயே தங்குகிறது! வெளிச்சத்தில் பங்கு கேட்க எல்லோரும் உண்டு. சாம்பலில் பங்கு கேட்க எவரும் இல்லை!

"புகைபோக்கி உயரமாக இருக்கிறதே, புகை மேலே போய்விடுமே" என்று சொல்லும் மேதாவிகள் உண்டு. மேலே போன புகை எங்கே போகும்? கந்தக வாயு வானத்திலே கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக மாறுகிறது. காற்றோடு நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்கிறது. நுரையீரலின் கடைசி அறை வரை நுழைகிறது. அண்ணா நகர் மாளிகைக்கும் அது போகும், அத்திப்பட்டுக் குடிசைக்கும் அது போகும். காற்றுக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் ஒரு வரம்பு சொன்னது: ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. நம் நாட்டுச் சட்டம் 2009ல் வகுத்த வரம்போ 40. எட்டு மடங்கு! வெள்ளைக்காரனுக்கு ஒரு நுரையீரல், நமக்கு எட்டு நுரையீரல் என்று கணக்குப் போட்டார்களா?

அந்த 40ஐயாவது காப்பாற்ற வழி செய்தார்களா? 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு விதி போட்டது. அனல் நிலையங்கள் கந்தகத்தை வடிகட்டும் கருவி பொருத்த வேண்டும். இரண்டு ஆண்டு தவணை. தவணை வந்தது, கருவி வரவில்லை. மறு தவணை, மறுபடியும் ஒரு தவணை. ஏழைக் குடியானவன் கடனுக்குத் தவணை கேட்டால் ஜப்தி! கோடிக்கணக்கில் முதல் போட்டவன் தவணை கேட்டால் சலுகை! கடைசியில் 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு என்ன சொல்கிறது? பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் தலைநகரைச் சுற்றிய பகுதிக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 இறுதிக்குள் பொருத்தட்டும். மாசு மிகுந்தவை என்று குறிக்கப்பட்ட இடங்களில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யலாம். மற்றவை, அதாவது நாட்டின் நிலையங்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல், பொருத்தவே வேண்டாம்! "நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு" என்று காரணம் சொல்கிறார்கள். குறைவுதான். ஆனால் எரிக்கும் அளவு குறைவா?

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் குறுக்கே நின்று கேட்பார்: "ஆலைக்காரனை விட்டுவிட்டு, அரசாங்கத்தை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு விளக்கை அணைக்கச் சொல்ல வந்தாயா?"

நியாயமான கேள்வி. கோபமான கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. விடை சொல்வதற்கு முன் லண்டன் வரை போய் வரலாம், வாருங்கள்.

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. லண்டன் மாநகரிலே கடுங்குளிர். காற்று அசையவில்லை. வீட்டுக்கு வீடு கணப்பு அடுப்பு. எல்லா அடுப்பிலும் நிலக்கரி. மின்நிலையப் புகைபோக்கிகளும் அதோடு சேர்ந்துகொண்டன. புகை எழுந்தது, ஆனால் கலையவில்லை. மஞ்சளும் கறுப்புமாக நகரத்தின் மேல் கவிந்தது. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கோடு நடந்து வழி காட்டினார். நாடகக் கொட்டகைக்குள்ளும் புகை நுழைந்ததால் இசை நாடகம் பாதியில் நின்றது. கண்காட்சிக்கு வந்த கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி விழுந்தன. 9ஆம் தேதி காற்று வீசிப் புகை கலைந்தபோது ஏறக்குறைய நாலாயிரம் பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்று அன்று கணக்கிட்டார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டாயிரம் வரை இருக்கும் என்றார்கள். ஐந்தே நாள்!

இறந்தவர் யார்? முதியோர், குழந்தைகள், நெஞ்சு நோயாளிகள். எரித்தவர் யார்? அவர்களேதான், அவரவர் அடுப்பில்! ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர்கள் எரித்தது எந்தக் கரி தெரியுமா? போரினால் கடன்பட்ட பிரிட்டன், நல்ல கரியைக் கப்பலேற்றி அயல்நாட்டுக்கு விற்றது. தூளும் துண்டுமான மட்டக் கரியை உள்ளூர் மக்களுக்குத் தாராளமாக விட்டது. ஏழை எரித்தது உண்மை. எரிக்கும்படி வைத்தது ஆட்சி. முதலில் "சளிக்காய்ச்சலால் இறந்தார்கள்" என்று கைகழுவப் பார்த்தது அந்த ஆட்சி. பத்திரிகைகள் விடவில்லை, பார்லிமெண்டு உறுப்பினர்கள் விடவில்லை. பீவர் என்பவர் தலைமையில் குழு அமைந்தது. 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் என்ன செய்தது? "ஏ, ஏழையே! அடுப்பை அணை, குளிரிலே நடுங்கு" என்றா சொன்னது? இல்லை. புகை கூடாத பகுதி என்று ஊர்களை அறிவித்தது. பழைய அடுப்பை மாற்றிப் புகை குறைந்த அடுப்பு வைக்கும் செலவில் பெரும்பகுதியைப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தது. வீட்டுக்காரன் தன் அடுப்பை மாற்றினான். ஆட்சி அவனுக்குக் கை கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் லண்டன் மூச்சு விட்டது. ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதை விட்டிருந்தால் வெறும் உபதேசமாகவோ வெறும் ஊர்வலமாகவோ போயிருக்கும்.

நண்பருக்கு என் விடை இதுதான். வீட்டில் மிச்சம் பிடிப்பது ஆலைக்காரனுக்கு மன்னிப்பு அல்ல. அவனைக் கேள்வி கேட்க நமக்குக் கிடைக்கும் தகுதி.

இப்போது நம் வீட்டுக்குள் நுழைவோம். இருட்டிலே உட்காரச் சொல்லப் போவதில்லை. வியர்வையில் நனையவும் சொல்லப் போவதில்லை. பகலெல்லாம் ஆலையிலும் கட்டடத்திலும் உழைத்து வந்தவன் காற்றாட உறங்குவது சலுகை அல்ல, உரிமை. அந்த உரிமையைக் குறைந்த கரியில் பெறுவது எப்படி என்பதுதான் பேச்சு.

விசிறியைப் பாருங்கள். பழைய கூரை விசிறி 75 வாட் இழுக்கிறது. இப்போது பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த விசிறி வந்திருக்கிறது. 30, 35 வாட்டில் அதே காற்று தருகிறது. மிச்சம் 40 வாட். நாளைக்கு 12 மணி நேரம், இரண்டு மாதம் ஓடினால் ஏறக்குறைய 29 யூனிட் மிச்சம். இரண்டு விசிறி என்றால் 58. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016ல் வந்தது. ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால் என்ன ஆகும்? தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறிவிடும். அந்த வரம்பின் ஓரத்தில் நிற்கும் குடும்பம் எத்தனை! இரண்டு விசிறியின் மிச்சம் அவர்களை அந்தப் பள்ளத்தில் விழாமல் காக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு இரண்டு கோடிக்கு மேல். வீட்டுக்கு ஒரே ஒரு விசிறி, 40 வாட் மிச்சம் என்று வையுங்கள். இரண்டு கோடியை நாற்பதால் பெருக்குங்கள். 800 மெகாவாட்! ஆயிரக்கணக்கான கோடி செலவிட்டு, ஆண்டுக் கணக்கில் கட்டி, வடசென்னையில் எழுப்பிய மூன்றாம் கட்டம் முழுவதற்கும் ஈடு! ஒரு மணி நேரத்துக்கு எட்டு லட்சம் யூனிட். ஐந்நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி. நூற்றைம்பது டன்னுக்கு மேல் சாம்பல். கட்டாமலே கட்டிய மின்நிலையம் அது. புகைபோக்கி இல்லாத மின்நிலையம்!

நம்ப முடியவில்லையா? பல்பின் கதையை நினைத்துப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. முதலில் வந்தபோது விலை முந்நூறு ரூபாய்க்கு மேல், ஏழைக்கு எட்டாக்கனி. 2015ல் மத்திய சர்க்கார் மொத்தக் கொள்முதல் செய்து மக்களுக்கு விற்றது. 36 கோடிக்கு மேல் வழங்கப்பட்டது. விலை எழுபது ரூபாய் அளவுக்கு இறங்கியது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை. பல்பில் முடிந்தது விசிறியில் முடியாதா? விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் 2011ல் அறிவித்து வீடு வீடாக வழங்கிய மாநிலம் அல்லவா இது! விசிறி வழங்கத் தெரிந்த நாட்டில், விசை குறைவாக இழுக்கும் விசிறி வழங்கத் தெரியாதா?

அடுத்தது நேரம். இது பலரும் அறியாத சூட்சுமம். பகலில் வெயில் இருக்கிறது. சூரிய மின்சாரம் வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றிலும் காற்றாலை சுழல்கிறது. சூரியன் மறைந்தபின் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்கு, விசிறி, டெலிவிஷன், ஏர்கண்டிஷனர். அந்தச் சுமையில் பெரும்பகுதி நிலக்கரியின் தலையில். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆகவே தண்ணீர் மோட்டார், மாவு அரைப்பது, துணி துவைக்கும் எந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை முடிந்தவரை பகல் வெயிலிலே முடியுங்கள். மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை அவற்றுக்கு ஓய்வு கொடுங்கள். காசு செலவில்லை, கரிச் செலவு குறையும்.

குளிர்பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவின் ரப்பர் பட்டை தளர்ந்தால் மாற்றுங்கள். டெலிவிஷனை ரிமோட்டால் அணைத்துவிட்டு அணைந்ததாக நினைக்காதீர்கள். சுவரிலே அணைத்தால்தான் அணைந்தது. அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவையுங்கள். விறகடுப்பு இன்னும் எரியும் வீட்டில் முதல் கவலை மின்சாரம் அல்ல, அந்தத் தாயின் நெஞ்சு. வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் 2020ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சிலிண்டர் இருந்தும் விலைக்குப் பயந்து விறகு மூட்டுகிறாள் என்றால், அது அவள் குற்றமா? விலை வைத்தவன் குற்றம்!

இனி மாளிகைக்குப் போவோம். ஒரு ஏர்கண்டிஷனர் ஓடும்போது இழுப்பது 1,500 வாட் அளவு. இருபது பழைய விசிறிகளுக்குச் சமம். அதை 18ல் வைத்து, கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கும் சீமான்கள் உண்டு! வெயில் நாட்டிலே பிறந்து, கரி எரித்துக் குளிரை வரவழைத்து, அந்தக் குளிருக்குப் பயந்து கம்பளி போர்த்துகிற விந்தையை என்னவென்பது! ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சம். 2020 முதல் புதுப் பெட்டிகள் 24ல் தொடங்கும்படி விதி இருக்கிறது. 20க்குக் கீழே போகாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார். உடனே எழுந்தது கூச்சல், "தனிமனிதச் சுதந்திரம்!" என்று. உன் படுக்கையறைக் குளிருக்காக ஊரார் உலர்த்திய வேட்டியில் சாம்பல் படிகிறதே, அவர்களுக்குச் சுதந்திரம் இல்லையா?

பிறரைச் சொன்னேன், நம்மையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் எழுதுவது பாதி உண்மை. நம் பொதுக்கூட்டங்களைப் பாருங்கள். மேடைக்கு இருபது விளக்குப் போதும். தெரு நெடுக இருநூறு. தலைவர் உருவத்தைச் சுற்றி ஓடும் வண்ண விளக்குகள். பின்னாலே டீசல் ஜெனரேட்டர், கரும்புகை கக்கிக்கொண்டு. ஜெனரேட்டருக்குப் பக்கத்து வீட்டிலே ஒரு குழந்தை இருமுகிறது. மேடையிலே நாம் ஏழையின் வாழ்வைப் பற்றி முழங்குகிறோம்! ஒளி பேச்சில் இருக்கட்டும், தோழர்களே. தெருவிலே தேவைக்கு இருந்தால் போதும்.

ஆகவே கழகத் தோழர்களுக்கு நான் சொல்வது இது. ஒவ்வொரு கிளையும் தன் படிப்பகத்திலே தொடங்கட்டும். குண்டு பல்பு இருந்தால் கழற்றுங்கள், விசிறியை மாற்றுங்கள், பழைய கணக்கட்டை, புதிய கணக்கட்டை இரண்டையும் பலகையிலே ஒட்டி வையுங்கள். சொல்லை நம்பாதவன் எண்ணை நம்புவான். பிறகு தெருவிலே இறங்குங்கள். வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். மிரட்ட வேண்டாம், பழிக்க வேண்டாம். பாட்டியிடம் பேரன் பேசுவது போலப் பேசுங்கள்.

அதே கையோடு மாநில சர்க்காரிடம் கேட்போம்: ஏழை வீட்டுக்கு விசை குறைந்த விசிறி கொடு! கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலக்காதபடி குழாயைக் காத்து நில்! மத்திய சர்க்காரிடம் கேட்போம்: புகைபோக்கிக்குக் கொடுத்த விலக்கை ரத்து செய்! சிலிண்டர் விலையைத் தாய்மார்களுக்கு எட்டும்படி வை! கேட்கும்போது அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று. அப்போது தலை குனிய வேண்டிய நிலை நமக்கு வரக்கூடாது. படிப்பகத்துப் பலகையைக் காட்டுவோம்.

இன்றிரவு சுவிட்சிலே கை வைக்கும்போது, கம்பியின் மறுமுனையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் அம்மையார் மாடியில் நின்று வேட்டியை உதறிக்கொண்டிருக்கிறார். அவர் உதறாமல் மடிக்கும் நாள் வர வேண்டும். அந்த நாளுக்கான வேலையில் ஒரு பங்கு ஆட்சியின் கையில். ஒரு பங்கு ஆலையின் கையில். ஒரு பங்கு நம் விரல் நுனியில். நம் பங்கை நாம் முதலில் முடிப்போம். மற்ற இரண்டையும் முடிக்க வைப்போம்!